படுத்தால் ஆடும் முள்

"இவன்தான் காரணம்னு நீ ஒரு வார்த்தை சொல்லும்மா. இன்னிக்கே இந்தப் பயலை வண்டியை விட்டு இறக்கிடறேன்!"

பட்டறை வாசலில் லாரியை நிறுத்தும்போதே லாரிக்காரர் கொதித்துக்கொண்டு இறங்கினார். அந்தப் பக்கக் கதவைத் திறந்துகொண்டு அவருடைய மச்சான், மனைவியின் தம்பி, சத்தமில்லாமல் இறங்கினான்.

வண்டிகளுக்கு எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணுக்கு 'கரண்ட் அக்கா' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"மச்சானை அப்புறம் இறக்கலாம்ணே. முதல்ல வண்டிக்கு என்ன நோவு, அதைச் சொல்லுங்க."

"ஓடிக்கிட்டே இருக்கும்போது லைட் மங்குதாம், இவன் சொல்றான். அடுத்த நிமிஷம் பளிச்சுங்குதாம். சார்ஜ் மீட்டர்ல முள்ளு பேய் பிடிச்ச மாதிரி ஆடுதாம். நேத்து பேட்டரி செத்து, லோடோட நடுரோட்டுல நின்னாச்சு. இதுல வேடிக்கை என்னன்னா, நான் ஓட்டினா ஒண்ணும் ஆகறதில்ல. இவன் ஓட்டினாதான்!"

"ஓட்டற ஆளைப் பாத்தா ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏத்தும்?"

கரண்ட் அக்கா சிரித்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு காணாமல் போனது.

ஆல்டர்னேட்டர் ஒழுங்காகச் சார்ஜ் ஏற்றியது. பெல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. பேட்டரி முனை, எர்த் ஒயர், எல்லாம் கச்சிதம். முகப்பு விளக்கைப் போட்டு இன்ஜினை உறுமவிட்டாலும் முள் அசையவில்லை.

"சரி, ஓட்டிப் பாத்துடலாம்."

லாரிக்காரர் ஓட்டினார். முள் நின்ற இடத்தில் நின்றது.

மச்சான் ஓட்டினான். லாரிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டே வந்தார். அப்போதும் முள் ஆடவில்லை.

"என்னண்ணே, உங்க மச்சான் ஓட்டியும் நல்லாத்தானே இருக்கு?"

"நான் பக்கத்துல இருந்தா ஒழுங்கா ஓட்டறான்மா. நான் படுத்ததும்தான் வேலையைக் காட்டறான்!"

அக்கா தலையைச் சொறிந்தாள். பழைய வண்டிகளில் எத்தனையோ கோளாறு பார்த்திருக்கிறாள். ஆள் படுத்தால் வருகிற கோளாறை இன்றுதான் கேள்விப்படுகிறாள்.

"படுத்தா உங்களுக்குத் தூக்கம் வருமாண்ணே?"

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவேன்! சீட்டுக்குப் பின்னால இருக்கற பலகையில சாஞ்சா போதும், ஜிலுஜிலுன்னு காத்து வரும். இவன் படுத்தா மட்டும் புழுங்குதாம். ஒருநாள் ஃபேன் வாங்கிட்டு வந்து நின்னான். திருப்பிக் கொடுத்துட்டு வாடான்னு விரட்டினேன். சொகுசு கேக்குது துரைக்கு!"

மச்சான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அப்போ ஒண்ணு பண்ணுங்க. நீங்க போய்ப் படுங்க. அவர் ஓட்டட்டும். நான் முன்னால உக்காந்து முள்ளைப் பாக்கறேன்."

மச்சானுக்கு முகம் வெளிறிவிட்டது. "வேணாங்க்கா..." என்றான்.

"பாத்தியா? பயம் வந்துடுச்சு!" என்று லாரிக்காரர் ஏறிப் படுத்தார்.

வண்டி கிளம்பியது. பழக்க தோஷத்தில் மச்சானின் ஒரு கை சீட்டுக்கு அடியில் போய்த் திரும்பியது. மேடுபள்ளத்தில் குலுங்கியதும் முள் தடாலென்று இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது.

"நிறுத்துங்க!"

அக்கா பின்னால் போய், லாரிக்காரரை எழச் சொல்லிவிட்டுப் படுக்கைப் பலகையைத் தூக்கினாள். அடியில், சாமான் வைக்கிற இடுக்கில், சின்ன ஃபேன் ஒன்று பலகை இடைவெளியைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குப் போன ஒயர் தோலுரிந்து, வண்டி குலுங்கும்போதெல்லாம் இரும்பில் உரசிப் பொறி விட்டது.

"அடப்பாவி! வேணாம்னு சொல்லியும் திருட்டுத்தனமா மாட்டி வச்சிருக்கியா? உன் சொகுசுக்கு என் வண்டியைக் கொளுத்தப் பாத்தியே! இறங்குடா. உங்கக்காகிட்ட நான் பேசிக்கறேன்!"

"ஒயரு உரசும்னு தெரியாது மாமா. தெரிஞ்சிருந்தா நானே கழட்டியிருப்பேன்" என்று மச்சான் பையை எடுத்தான். கண் கலங்கிவிட்டது.

ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போன அக்கா, டிரைவர் சீட்டுக்கு அடியில் வந்து நின்றாள்.

"அண்ணே, ஒரு நிமிஷம். ஸ்விட்ச் இங்க இருக்கு. படுத்திருக்கற ஆளுக்கு எட்டாது. ஓட்டற ஆள்தான் போட முடியும்."

"அதனால?"

"நீங்க ஓட்டும்போது இந்த ஸ்விட்சைப் போட்டிருக்கீங்களா?"

"இப்படி ஒண்ணு இருக்கறதே இப்பத்தானேம்மா தெரியும்!"

"அப்போ இத்தனை நாளும் இந்தக் காத்து யாருக்கு அடிச்சுதுண்ணே?"

லாரிக்காரர் பலகையைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். மெதுவாக அவன் கையிலிருந்த பையை வாங்கி, திரும்ப வண்டிக்குள் வைத்தார்.

"ஒயரை நல்லதா மாத்திடறேன்ணே. ஸ்விட்சையும் படுக்கைப் பக்கம் வச்சுடவா? படுக்கறவங்க அவங்கவங்களே போட்டுக்கலாம்."

"வேணாம்மா. அது அங்கேயே இருக்கட்டும்" என்றபடி லாரிக்காரர் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "அடுத்து அவன் படுக்கணும்."