இருபது பேருக்கு அனுப்பவும்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. மலேசியாவின் கிள்ளான் நகரில் நாகையா தன் சேலைக்கடைக்கு வெப்சைட் திறந்து ஆறு மாதமாகியும், அதைப் பார்த்த ஒரே ஆள் நாகையாதான் என்று தெருவே சிரித்தது. சேலைகள் அடுக்கியபடியே கிடந்தன.

அன்று மதியம் அவர் மனைவி பூமணி கம்ப்யூட்டர் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, அம்மன் மெயில் வந்திருக்கு. இருபது பேருக்கு அனுப்பணும்னு போட்டிருக்கு. அனுப்பாத காஜாங் ஊர்க்காரர் ஒருத்தரோட லோரி கவிழ்ந்திடுச்சாம்!”

“படிச்சவதானே நீ? இதையெல்லாம் நம்புறியே லா!”

“சாமி விஷயத்துல விளையாடாதீங்க.”

நாகையா வயிறு குலுங்கச் சிரித்தார்.

“காஜாங்காரரும் இல்ல, லோரியும் இல்ல. எல்லாம் நான் எழுதுனது! பேப்பர்ல விளம்பரம் போட்டா எவ்வளவு கேக்குறான்? இது ஃப்ரீ லா. சனங்க பயந்துபோய் ஊரெல்லாம் அனுப்புவாங்க. கடைசியில பாரு, நம்ம வெப்சைட் அட்ரஸ் இருக்கும்.”

“இதுல எதிர் சேலைக்கடை விஜயன் அட்ரஸ்தானே இருக்கு?”

நாகையா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். அம்மனும் லோரியும் அவர் எழுதியபடியே இருந்தன. அட்ரஸை மட்டும் யாரோ மாற்றியிருந்தார்கள். யார் என்று சொல்ல ஜோசியர் தேவையில்லை.

“நல்லவேளை, எங்கிட்ட காட்டுன. அழிச்சிடு.”

“காலையிலேயே அனுப்பிட்டேங்க,” என்றாள் பூமணி. “இருபது பேருக்கு நான் எங்க போறது? நம்ம கடை கஸ்டமர் லிஸ்ட்லேருந்துதான் எடுத்தேன்.”