ஆறவைத்த கட்டன் டீ

"நாளைக்குத் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். நரைக்குத் தடவ நான் பால் விடாம போட்டு ஆறவச்ச கட்டன் டீயை யார் குடிச்சது?" மருமகள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல்கள் தானாகத் திறந்துகொண்டன.

"என்னை ஏம்மா முறைக்கிற? சர்க்கரை போடாத கஷாயத்தை எவ குடிப்பா?" மாமியார் பெட்டியைக் கட்டவே ஆரம்பித்துவிட்டார். "பழி சுமந்துக்கிட்டு இந்த வீட்டுல ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன்!"

ஜலதோஷம் என்று காலையிலிருந்து மூக்கையும் வாயையும் துண்டால் மூடியிருந்த மகன் பொங்கினான். "குடிச்சிருந்தா ஒத்துக்கோம்மா! திருட்டுத்தனம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது!"

ஆவேசத்தில் துண்டு நழுவியது. நேற்றுவரை பஞ்சாக வெளுத்திருந்த அவன் மீசை, செம்பழுப்பாக மினுங்கியது.

மாமியார், கட்டிய பெட்டியை மகன் பக்கம் தள்ளினார்.

"மீசையில மண்ணு ஒட்டலடா மகனே, டீத்தூள்தான் ஒட்டியிருக்கு. நீ கிளம்பு!"