எட்டாவது தள்ளல்

பிரஸ்காரனுக்குக் காலையிலிருந்தே வலது தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. உடைந்த எலும்புக்குள் வைக்கும் டைட்டானியக் கம்பிகளைச் சூடாக்கி, பிரஸ் இயந்திரத்தின் வளைந்த அச்சுக்குள் எட்டு முறை தள்ளியெடுப்பது அவன் வேலை. தள்ளத் தள்ள உலோகத்தின் உள்மணிகள் பொடிப்பொடியாகும். பருமன் மாறாமலே கம்பி உரமேறும். தள்ளலுக்கு ஒன்றாக நுனியில் புள்ளி குத்துவான்.

அன்று உலையில் பன்னிரண்டு கம்பிகளை வைத்தான். பதின்மூன்று வந்தன. கூடுதலாக வந்ததில், எலும்பில் பொருத்த அனுப்பிய கம்பியைப் போலத் திருகாணித் துளைகள் இருந்தன. அது மட்டும் உடம்புச் சூட்டில் இருந்தது.

பரிசோதனைக்காரி நுனியைப் பார்த்தாள். "ஏழு புள்ளிதான் இருக்குண்ணே. எட்டாவதை டீயோட முழுங்கிட்டீங்களா?"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாதம் வலி பொறுக்காமல் ஒரு கம்பியை ஏழு தள்ளலோடு விட்டு, எட்டாவது புள்ளியைப் பொய்யாகக் குத்தி அனுப்பியிருந்தான். அந்தக் கம்பியின் வரிசை எண்தான் இதிலும் பொறித்திருந்தது; பொய்ப் புள்ளி மட்டும் காணோம். கால் உடைந்து கம்பி வைத்துக்கொண்ட அக்காவின் ஆபரேஷன் சீட்டிலும் அந்த எண்தான் இருந்தது.

அக்காவுக்குப் போன் போட்டான். "கால் எப்படிக்கா இருக்கு?"

"மாடிப்படி ஏறிட்டிருக்கேன்டா. உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி லேசா இருக்கு."

"ஏறாத. அங்கயே உக்காரு."

"ஏன்டா, கிறுக்குப் புடிச்சிருச்சா?"

போனை வைக்காமலே அந்தப் பதின்மூன்றாவது கம்பியை அச்சுக்குள் செருகி, நெம்புகோலை இம்மியளவு அழுத்தினான்.

"டேய்," என்றாள் அக்கா மெதுவாக. "யாரோ என் காலைத் தள்ளுறாங்கடா."

கையை எடுத்துவிட்டான். கம்பி பாதி உள்ளே நின்றது. அக்காவுக்கு அவன் தரவேண்டிய ஒரு தள்ளல் இன்னும் பாக்கி.