சொல்லிவிட்ட பெண்

பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டு, தனப்பிரியா நிமிர்ந்தே சொன்னாள்.

"எனக்கு வலிப்பு இருக்குதுங்க. தெனமும் மாத்திரை போடறேன், இப்பெல்லாம் வர்றதில்லீங்க. ஆனா மறைச்சுக் கலியாணம் பண்ணிக்க மனசு வரலீங்க."

கௌசிக்கின் அம்மா பாவாயி காபியைத் தொடாமல் எழுந்தாள்.

"நோவுக்காரப் புள்ளையக் கட்டி வெக்க என்ற பையன்தான் கெடச்சானா?"

கௌசிக்குக்குத் தனப்பிரியாவைப் பிடித்திருந்தது. ஏதாவது சொல்லிவிட நாக்கு துடித்தது. அம்மா முறைத்ததும் தலையைக் குனிந்துகொண்டு, மாமா ஓட்டிவந்த காரில் போய் ஏறினான்.

கார் நாமக்கல்லைத் தாண்டியது.

"நல்ல புள்ளையாத்தான் இருந்துச்சும்மா" என்றான் மெல்ல.

"நல்ல புள்ளைதான் சாமி, நான் இல்லைங்கல. ரண்டு பேரும் உழுந்து கெடந்தா ஆரு ஆரைத் தூக்கறது?"

பாவாயி கைப்பையிலிருந்து மாத்திரையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்து நீட்டினாள்.

"நேரமாச்சு, போட்டுக்க. நாளைக்குத் திருச்செங்கோட்டுல பொண்ணு பாக்கப் போறோம். அவ சொன்னாளேன்னு நீயும் அங்க வாயத் தொறந்துராத."

கௌசிக் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பதினைந்து வயதிலிருந்து செய்வதைப்போலவே, வெளியாள் யாரும் பார்க்காதபடி மாத்திரையை விழுங்கினான்.