பெயர் போடாத கடிதம்

"யார் எழுதினதுன்னு எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்!"

துறைத் தலைவர் அந்தக் காகிதத்தை மேசையில் அறைந்த வேகத்தில் பேனா உருண்டு கீழே விழுந்தது. எடுக்க யாரும் குனியவில்லை.

எதிரே இரண்டு பேர் நின்றார்கள். ஆய்வகத்தில் இருபது வருஷமாகக் கண்ணாடிக் குப்பிகள் கழுவும் உதவியாளர் அக்கா. அவருக்குப் பக்கத்தில், ஆராய்ச்சி மாணவி.

பல்கலைக்கழகத்தின் மாணவர் நல மையத்துக்கு நேற்றுக் காலை வந்த கடிதம் அது. அதன் நகல் இன்று துறைத் தலைவர் கைக்கு வந்திருந்தது. தட்டச்சு செய்த நாலு வரி. கீழே பெயர் இல்லை.

'மூன்றாம் ஆய்வகத்தில் ஜன்னலோரம் உட்காரும் ஆராய்ச்சி மாணவர் கொஞ்ச நாளாகச் சரியாக இல்லை. யாருடனும் பேசுவதில்லை. தன் புத்தகங்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டார். தயவுசெய்து யாராவது சீக்கிரம் வந்து பாருங்கள்.'

"அவன் என் மாணவன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, என் தலைக்கு மேல போய் எழுதியிருக்கீங்க. அடுத்த மாசம் மதிப்பீட்டுக் குழு வருது. இந்தத் துறையில பசங்களைப் போட்டு வதைக்கிறாங்கன்னு பேச்சு வந்தா யார் பதில் சொல்றது?"

அக்கா புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டினார்.

"நான் எழுதலைங்க சார். ஆனா பாத்தேன். கொண்டு வர்ற சாப்பாட்டை அப்படியே குப்பையில கொட்டுவாரு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, தினமும்."

"பாத்துட்டு?"

"என்ன தம்பின்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. படிச்சவங்க சமாச்சாரம், நமக்கெதுக்குன்னு முழுங்கிட்டேன்."

துறைத் தலைவர் பார்வை மாணவி பக்கம் திரும்பியது. "அப்போ நீதான்."

"இல்ல சார். அவரோட புத்தகம் ரெண்டு என்கிட்ட இருக்கு. இனிமே தேவைப்படாதுன்னு கொடுத்தார். எங்கயோ வேலை கிடைச்சிருச்சு போலன்னு நினைச்சேன்."

அவளே தலையை ஆட்டி மறுத்தாள்.

"பொய் சார். மனசுக்குள்ள உறுத்துச்சு. கேட்டா என்ன சொல்லுவாரோன்னு பயந்து வாங்கிட்டு வந்துட்டேன்."

துறைத் தலைவர் குனிந்து கீழே கிடந்த பேனாவை எடுத்தார்.

போன வாரம் அவரும் ஒன்றைக் கவனித்திருந்தார். நாலு நாளாக அவன் உடம்பில் ஒரே சட்டை. "என்னப்பா, அந்தச் சட்டைக்குக் கொஞ்சம் லீவு கொடேன்" என்று எல்லார் முன்னாலும் கேலி செய்தார். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்த முகம்தான் அவருக்கு இப்போது சரியாக நினைவுக்கு வரமாட்டேன் என்றது.

கதவைத் தட்டிக்கொண்டு நல மையத்தின் ஆலோசகர் அம்மா உள்ளே வந்தார். தூக்கம் இல்லாத கண்கள்.

"அவருக்கு..." என்று அக்காதான் முதலில் கேட்டார்.

"இருக்கார்மா. நேத்து மத்தியானமே போய்ப் பாத்துட்டோம். ஆஸ்பத்திரியில சேத்தாச்சு. கூடப் பிறந்த அக்கா வந்து பக்கத்துல இருக்காங்க." அவர் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு விட்டார். "இன்னைக்குப் போகலாம்னு விட்டிருந்தா, நான் உங்ககிட்ட வேற சேதிதான் சொல்ல வந்திருப்பேன்."

மாணவி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அக்கா அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் மாட்டினார். அதற்குள் குரல் பழைய நிலைக்கு வந்துவிட்டது.

"நல்லதாப் போச்சு. ஆனா ஒண்ணு மேடம். எழுதினவங்க நேரா என்கிட்ட வந்திருக்கலாம். என்னை யாரும் எப்ப வேணா வந்து பாக்கலாம். இது இங்க எல்லாருக்கும் தெரியும்."

"வந்திருக்காங்க சார். மூணு தடவை. அப்புறம் பாக்கலாம்னு அனுப்பிட்டீங்களாம்."

"நானா? யாரை?"

ஆலோசகர் அம்மா மேசை மேலிருந்த கடிதத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"பேரைச் சொல்லலாம்னு அனுமதி வாங்கிட்டுத்தான் வந்தேன். எழுதினது அவரேதான் சார். 'யாராவது ஒருத்தர் என்ன ஆச்சுன்னு கேப்பாங்கன்னு நாப்பது நாள் காத்திருந்தேன். யாரும் கேக்கலை. அதான் வேற யாரோ மாதிரி நானே எழுதிப் போட்டேன்'னு சொன்னார்."