‘அன்க்யூன்டிகென்’ என்றால் அறிவித்தல்

நாற்பத்தோராவது மாலையும் சேனாதிபதி சார் ஜெர்மன் வகுப்புக் கரும்பலகையில் ‘அன்க்யூன்டிகென்’ என்றே எழுதினார்.

“அறிவித்தல். வேர்ச்சொல் ‘குண்ட்’; தெரிஞ்சதுன்னு அர்த்தம். ராசா வாரதை அறிவிக்கலாம். ரயில் வாரதை அறிவிக்கலாம்.”

“கொடைக்கானலுக்கு ரயிலே இல்லையே சார்,” என்றான் டாக்ஸி ஓட்டும் சோலைமுத்து.

“அப்ப நீ ராசாவை மட்டும் அறிவி.”

மாரியாயி இன்றும் தேதி போட்டு எழுதிக்கொண்டாள்.

‘கதவைத் தட்டுதல்’, ‘வந்து சேர்தல்’ இரண்டும் வேரோடு முடிந்திருந்தன. இனி அவள் ஜெர்மனியில் கதவைத் தட்டலாம், வந்து சேரலாம், வந்ததை அறிவிக்கலாம். அப்புறம் என்ன பேசுவதென்றுதான் தெரியாது. தன் மண்டைதான் மந்தம் என்று நாட்குறிப்பில் இரண்டு முறை எழுதியிருந்தாள்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு ஜெர்மன் சிஸ்டர் வருகிறார். அவருடைய மொழியில் நாலு வார்த்தை பேசுகிறவளை நர்ஸ் படிப்புக்குக் கூட்டிப்போவார். இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் அவளுடையது; மாரியாயிக்கு இன்னும் ஒரு கடல் வேண்டியிருந்தது.

“சார், வலிக்கு என்னங்க சார் சொல்லுவாங்க?”

“அதுக்குள்ள என்ன அவசரம்? ஏழு மாசம் ஜெர்மனியில இருந்தவன் சொல்றேன். எல்லாம் வரிசையாத்தான் வரணும்.”

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்துவைத்தாள்.

டீ இடைவேளையில், வரும் வழியில் வாங்கிய பஜ்ஜிப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

எண்ணெய் ஊறிய தாளில் ஜெர்மன் சொற்கள். எதிரே ஆங்கிலத்தில் பொருள். கடைசிச் சொல் ‘அன்ல்யூகென்’: முகத்துக்கு நேராகப் பொய் சொல்லுதல்.

இதற்கும் வேர் கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்று சாரிடம் நீட்டினாள்.

சார் வேர் சொல்லவில்லை. யாருக்கும் காட்டாத, பழுப்புத்தாள் அட்டை போட்ட தன் புத்தகத்தை அவசரமாகத் திறந்தார்.

உள்ளே பழைய பஸ் நேர அட்டவணை. அதன் நடுவில் ஒரே ஒரு ஜெர்மன் தாள். அதிலும் எண்ணெய். அதன் கடைசிச் சொல் ‘அன்க்யூன்டிகென்’.

இரண்டு தாளையும் அருகருகே வைத்தார். கிழிசல்கூட ஒன்றுபோலவே இருந்தது.

சாரின் குரல் தாழ்ந்தது. “ஏம்மா... எந்தக் கடையில வாங்குன? எனக்கு இது யாரோ வாங்கியாந்த பொட்டலத்துல வந்தது.”

மாரியாயி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“ஏரிக்கரையிலங்க சார்.”

உண்மையில் அவள் பஜ்ஜி வாங்கிய மூஞ்சிக்கல் கந்தவேல் கடையில், எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில், மீதிப் புத்தகம் இன்னும் தடிமனாகவே கிடந்தது.