ஓட்டுநர் சீட்டின் சூடு

கணவர் இறந்துபோன பிறகு கார் ஒரு வருடமாக ஷெட்டில் பூட்டியே கிடந்தது. விற்றுவிடலாமென்று அவள் மெக்கானிக்கை வரவழைத்தாள். ரிமோட் வேலை செய்யவில்லை.

"கார் பேட்டரி சுத்தமா செத்துப்போச்சுக்கா." ரிமோட்டுக்குள்ளிருந்து சிறு சாவியை உருவி, கைப்பிடியோரத்து மூடியை நெம்பி, அடியிலிருந்த துளையில் திருகினான். கதவு திறந்தது. ஓட்டுநர் சீட்டில் கைவைத்தவன் வெடுக்கென்று எடுத்தான்.

"சூடா இருக்குக்கா. யாரோ இப்பத்தான் எறங்குன மாதிரி."

ஷெட்டில் வெயிலே விழாது. அவளும் தொட்டுப் பார்த்தாள். ஆள் உட்கார்ந்து எழுந்த சூடுதான்.

அவன் புது பேட்டரியோடு திரும்பியபோது, அவள் பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"மாட்டிரட்டுமாக்கா?"

"இருக்கட்டும் தம்பி. அந்த டிரைவர் பக்கத்துக் கதவை மட்டும் சாத்திடு. அவருக்குத் தூசி ஆகாது."